எக்லிஷ் ஊர்க்காரரும் நம்மூர்க் கபடிப் பையனும்

கேள்வி: என் பேத்தி வட அயர்லாந்தில் டைரோன் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். கூட வேலை பார்க்கும் அம்மா வீட்டு ஹாலில் ஒரு இளவட்டப் பையன் படம் மாட்டியிருக்கிறதாம். உறவா என்று கேட்டால் இல்லை, கார்மக், கேலிக் ஃபுட்பால் ஆடினவர், போய்ச் சேர்ந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது என்றாராம். யார் பெற்ற பிள்ளையோ, ஊரே ஏன் இப்படி வைத்திருக்கிறது?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கார்மக் மெக்கானலன், ஆச்சி. கேலிக் ஃபுட்பால் அயர்லாந்தின் சொந்த ஆட்டம், எப்படி ஆடுவது என்று கீழே சொல்கிறேன். டைரோனில் எக்லிஷ் என்ற சின்ன ஊர்க்காரர், பிறந்தது 1980, தொழில் பள்ளிக்கூட வாத்தியார். 1998ல் டைரோனின் மைனர் அணிக்கு, அதாவது சின்னப் பையன்கள் அணிக்கு, கேப்டனாக இருந்து அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் அதே அணியில் கூட ஆடிய ஒரு பையன் ஆட்டத்தில் அடிபட்டு இறந்திருந்தான், அதனால் சாவு என்றால் என்ன என்று பதினேழு வயதிலேயே பார்த்துவிட்ட கூட்டம் அது.

2003 செப்டம்பரில் டைரோன் முதல் தடவையாக சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியது. கேலிக் ஃபுட்பாலில் அதுதான் பெரிய கோப்பை. இறுதி ஆட்டத்தில் எதிரணி பக்கத்து மாவட்டமான ஆர்மா, 12க்கு 9 என்று ஜெயித்தார்கள். இதில் வேடிக்கை, கார்மக் பாடம் நடத்தியது அந்த ஆர்மாவில்தான். அதற்கப்புறம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அந்த வருஷம்தான் அவரை நடுக்களத்திலிருந்து கோல்கீப்பருக்கு முன்னால் காவலுக்கு இறக்கினார்கள், ஏதோ பத்து வருஷமாக அங்கேயே நின்றவர் மாதிரி ஆடினார். அடுத்த வருஷம் கேப்டன் பொறுப்பும் வந்தது. 2004 மார்ச் 2 அன்று விடியற்காலையில், வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 24. நோய் நொடி என்று வெளியே ஒன்றும் தெரியவில்லை, இதயம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கம் படைப்பு வீட்டில் பங்காளிகள் கூடிப் புது வேட்டி சேலை வைத்து முன்னோரைக் கும்பிடுகிறோம் இல்லையா, செத்தவர் குடும்பத்தைவிட்டுப் போய்விடவில்லை என்கிற எண்ணம்தானே அது. அங்கே அந்தப் பங்காளி வட்டம் ஒரு மாவட்டம் அளவுக்குப் பெரியது, அதனால்தான் உறவே இல்லாத அம்மா வீட்டிலும் படம் இருக்கிறது.

கேள்வி: நான் கேள்விப்பட்டவரை கேலிக் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாதாம். காசில்லாத ஆட்டத்துக்கு இத்தனை உருக்கமா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: காசில்லாததால்தான் என்பேன் நான். 1884ல் தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடி இந்த ஆட்டத்துக்கான சங்கத்தை ஆரம்பித்தார்கள், இன்றுவரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்க, இறுதி ஆட்டம் ஆடிவிட்டு மறுநாளோ அடுத்த நாளோ ஒருவர் வகுப்பறைக்கும் ஒருவர் மாட்டுக் கொட்டிலுக்கும் போய்விடுவார்கள். ஏலம் கிடையாது, பிறந்த ஊர்க் கிளப், வளர்ந்த மாவட்டம், அதற்குத்தான் பெரும்பாலும் ஆடுவது. ஆகவே கோல் போடுகிறவர் யாருக்கோ அண்ணன், யாருக்கோ வாத்தியார், யாருக்கோ பால் ஊற்றுகிறவர். நம்ம ஐ.பி.எல். ஆட்டக்காரர் இந்த வருஷம் மஞ்சள் சட்டை, அடுத்த வருஷம் நீலச் சட்டை, அவருக்காக அழ ஊர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டு வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், ஆனால் நாலு அடிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது, தரையில் தட்டவோ தன் காலிலேயே தட்டி எடுக்கவோ வேண்டும். கம்பங்கள் இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி இருக்கும், குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலையில் விழுந்தால் 3. தூரத்திலிருந்து மேலே அடித்தால் 2 என்று 2025ல் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கபடி டீமில் ரெய்டு போகிற பையன் போன தையில் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துவிட்டான். முச்சந்தியில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தோம், காற்றில் கிழிந்துவிட்டது. இந்த வருஷம் அவன் பேரில் சுழற்கோப்பை நடத்தலாம் என்று பசங்க சொல்கிறார்கள். அயர்லாந்தில் என்ன செய்தார்கள்?
- கபடிக் குழுச் செயலாளர், திருப்பத்தூர் பக்கம்

பதில்: முதலில், உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு தம்பி. கோப்பை நடத்துங்கள். கார்மக் பேரிலும் கோப்பை உண்டு, அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் இரண்டு நாட்டு ஆட்டத்தையும் கலந்து ஆடுகிற தொடரின் கோப்பைக்கு அவர் பேர்தான். டைரோனும் அந்த சாம் மகுவயர் கோப்பையை 2005லும் 2008லும் திரும்பத் திரும்ப ஜெயித்தது. ஆனால் என் மனசுக்குப் பெரிதாகப் படுவது அவருடைய குடும்பத்தார் ஆரம்பித்த கார்மக் அறக்கட்டளை. இளவயசில் இதயம் நின்று போகிற ஆபத்தைப் பற்றி ஊருக்குச் சொல்வது, பரிசோதனைக்கு வழி செய்வது, கிளப்புகளில் இதய அதிர்ச்சிக் கருவி வைக்க உதவுவது, இதெல்லாம் அதன் வேலை. சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி அது, திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும்.

உங்கள் போட்டியிலும் இதைச் செய்யலாம். ஃப்ளெக்ஸ் காசை எடுத்து வைத்து, தொடருக்கு முந்தின வாரம் ஒரு டாக்டரை அழைத்து எல்லாப் பையன்களுக்கும் ஈ.சி.ஜி. எடுங்கள், கோளாறு எல்லாவற்றையும் அது காட்டிவிடாது, ஆனால் பலவற்றைக் காட்டும். அப்புறம் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை நடுவர் முதல் டீ விற்கிறவர் வரை கற்றுக்கொள்ளட்டும். விழுந்தவனுக்குப் பேச்சு மூச்சு இல்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல் ஒருவர் 108க்குப் போன் போட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே எழும்ப விட வேண்டும். கருவி வருகிறவரை, ஆம்புலன்ஸ் வருகிறவரை நிறுத்தக் கூடாது. சும்மா நின்றால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இன்னொன்று, மைதானத்துக்கு வருகிற வழியில் பைக் நிறுத்தவே விடாதீர்கள், நம்மூர்த் தொடர்களில் ஆம்புலன்ஸ் சிக்குவது அங்கேதான்.

பையனின் அப்பா அம்மாவைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மேடையில் உட்கார வைத்து மைக்கில் அழ வைக்கிற வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் வயது 16, மஞ்சுவிரட்டுக்கு ஓடிப் பழகும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தான். உடனே எழுந்துகொள்கிறான், வெயில்தான் என்கிறான். விட்டுவிடலாமா?
- தாய், சிராவயல் பக்கம்

பதில்: விடவே கூடாதம்மா. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்குவது வேறு, நின்று கிறுகிறுப்பது வேறு, முதலாவது இதயக் கோளாறாக இருக்கலாம். உங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் சின்ன வயசில் காரணம் தெரியாமல் செத்தவர், தண்ணீரில் மூழ்கிப் போன நல்ல நீச்சல்காரர் யாராவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, இந்த வாரமே இதய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் சரி என்று சொல்கிறவரை பையன் ஓட வேண்டாம்.