'உக்கும்' என்று அச்சடித்த பெட்டியை நம்பலாமா?

கேள்வி: வீட்டில் சமைத்து, பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறேன். ரெஜிபோம் பெட்டி தடை என்பதால், புறக்கோட்டையில் 'நூறு வீதம் உக்கும், கரும்புச் சக்கை' என்று போட்ட வெள்ளைப் பெட்டி வாங்கினேன். விலையும் கூட. ஆனால் பருப்பும் சொதியும் ஊறி அடி இளகுகிறது. கடைக்காரர் மாற்றித் தரமாட்டாராம். இது உண்மையான சக்கைதானா?
– இல்லத்தரசி, வெள்ளவத்தை

பதில்: பெட்டி ஒன்றைக் குறுக்கே கிழித்துப் பாருங்கள். சக்கைப் பெட்டி என்றால் கிழிந்த ஓரத்தில் நார் மயிர் மயிராக நிற்கும். உள்பக்கத்தில் பளபளப்பான தோல் தனியே உரிந்து வந்தால் அது மேற்பூச்சு. சாதாரண பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். ரெஜிபோமோ என்று சந்தேகம் இருந்தால் அசிட்டோன் கலந்த நெயில் பொலிஷ் ரிமூவரில் ஒரு சொட்டு விடுங்கள். ரெஜிபோம் அந்த இடத்திலேயே கரைந்து குழி விழும். சக்கை வெறுமனே நனையும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சரக்கு உண்மையானதாகவே இருக்கக்கூடும். சக்கை கடதாசிக்கு உறவுக்காரன், சூடான குழம்பு பட்டால் ஊறத்தான் செய்யும். எண்ணெய் ஊறாமல் இருக்கப் பல தொழிற்சாலைகள் பிஎஃப்ஏஎஸ் என்ற இரசாயனங்களைச் சேர்த்து வந்தன. இவை மண்ணிலும் உடம்பிலும் இலேசில் அழியாதவை. உணவுப் பொதிகளில் எண்ணெய் ஊறாமல் தடுக்கும் இந்த வகைகள் தங்கள் நாட்டில் இனி விற்கப்படுவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. ஆகவே சொட்டும் ஊறாத பெட்டிதான் உசத்தி என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த முறை மொத்தமாக எடுக்கும்போது 'பிஎஃப்ஏஎஸ் சேர்க்கவில்லை' என்ற ஆய்வறிக்கையைக் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் ஒரு கட்டுக்கு மேல் வாங்க வேண்டாம்.

பாக்கு மட்டைப் பெட்டிக்கு மாறலாமா என்றும் யோசிப்பீர்கள். பசையே இல்லாமல் சூட்டில் அழுத்திச் செய்வது, பார்க்கவும் அழகு. ஆனால் பாக்கிலுள்ள அல்கலொயிட்டுகள் என்ற இயற்கை நச்சுப் பொருட்கள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, 2025இல் அதே அமெரிக்க நிர்வாகம் இந்தத் தட்டுகளை உணவுக்குப் பாவிக்க வேண்டாம் என்றது. எடுப்பதானால் மேலே ஒரு வாழையிலைத் துண்டு போட்டுப் பரிமாறுங்கள். உமியில் செய்ததாகச் சொல்லி, கல்லு மாதிரிப் பளபளக்கும் கோப்பை தந்தால் கவனம்: உமியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மெலமைன் போன்ற பிசின். அது உக்காது.

என்னைக் கேட்டால், சோறும் வறண்ட கறியும் சக்கைப் பெட்டியில், வாழையிலை விரித்து. சொதிக்கும் பருப்புக்கும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம். தினமும் அதே ஆட்களுக்குத்தானே கொடுக்கிறீர்கள், மறுநாள் கிண்ணம் திரும்பி வரும். பெட்டிச் செலவும் குறையும்.

விலை கூடக் காரணம் இருக்கிறது. ரெஜிபோமில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் காற்று; ஒரு பெட்டிக்குப் போகும் பிளாஸ்டிக் கொஞ்சம்தான். சக்கையைக் கூழாக்கி, அச்சில் அழுத்தி, உலர்த்தி எடுக்க வேண்டும். இங்குள்ள பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகளோ தங்கள் கரும்புச் சக்கையைக் கொதிகலனில் எரிக்கின்றன.

கடைக்காரர் விடயம்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? பொய்யான விவரம் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி குற்றம். வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும்; விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் உங்கள் வழக்கில் சக்கை உண்மையாகவே சக்கை என்றால் 'ஊறுகிறது' என்பது மட்டும் வலுவான முறைப்பாடு அல்ல. 'குழம்புக்கு ஏற்றது' என்று அட்டையில் போட்டிருந்தால் கதை வேறு.

கேள்வி: மண் விளக்கு, மட்பாண்டம் ஒன்லைனில் விற்கிறேன். பொதி செய்ய ரெஜிபோமுக்குப் பதில் காளானில் செய்த பொருள் இருக்கிறதாமே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இருக்கிறது. சோளத்தட்டை போன்ற பயிர்க்கழிவைத் துண்டாக்கி, காளான் விதை கலந்து அச்சில் வைத்தால், சில நாளில் காளான் இழைகள் எல்லாவற்றையும் பின்னிக் கட்டியாக்கிவிடும். பிறகு சூடுகாட்டி வளர்ச்சியை நிறுத்துவார்கள். அமெரிக்காவின் எக்கோவேட்டிவ் நிறுவனம் 2007இல் இதைத் தொடங்கியது. டெல் தன் கணினி சேர்வர்களை இதில் பொதி செய்தது.

உங்கள் அளவு வியாபாரத்துக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2017 செப்டெம்பர் தடை உணவுப் பெட்டி, தட்டு, கோப்பைகளுக்குத்தான். பொதி ரெஜிபோம் அதில் இல்லை. இருந்தும் விட விரும்பினால், உள்ளூர்ப் பொதிக்குக் காய்ந்த தென்னந்தும்பும் கசக்கிய பத்திரிகையும் தாராளம். அவுஸ்திரேலியா உறவுகளுக்கு அனுப்பும்போது மட்டும் வைக்கோலும் உமியும் வைக்காதீர்கள். பயிர்நோயும் பூச்சியும் வராமல் தடுக்கும் அந்நாட்டுச் சட்டத்தில் பொதி அங்கேயே நின்றுவிடும். கடதாசி போதும்.

கேள்வி: தொடர்மாடியில் இருக்கிறோம். இந்தப் பெட்டிகளைப் பூச்சாடியில் புதைத்தால் உக்குமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: பூச்சு இல்லாத சக்கைப் பெட்டியைச் சின்னதாகக் கிழித்து, நனைத்து, காய்கறித் தோலோடு போட்டால் உக்கும், எண்ணெய் பிசுக்கானதைப் போட்டால் எலி வரும். பிஎல்ஏ வேறு: சுமார் 60 பாகை சூடுள்ள பெரிய கொம்போஸ்ட் நிலையத்தில்தான் ஒழுங்காகச் சிதையும். 'கொம்போஸ்டபிள்' என்று அட்டையில் இருந்தால் பக்கத்தில் ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தர இலக்கம் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரமும் பெரிய நிலையத்துக்கானதே, உங்கள் பல்கனிக்கு அல்ல.