மூன்று அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே: யார் எவர்?

கேள்வி: பொது அறிவு மலர் ஒன்றுக்காக அலெஸ்ஸாந்த்ரோ என்ற பெயருள்ள புகழ்பெற்ற இத்தாலியர்களைத் தொகுக்கிறேன். அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசே என்பவர் ஓரிடத்தில் போப், ஓரிடத்தில் கர்தினால், இன்னோரிடத்தில் படைத்தளபதி. ஆண்டுகளும் ஒத்துவரவில்லை. எப்படிப் பிரிப்பது? அகரவரிசையில் யாரை எங்கே வைப்பது?

பதில்: ஒத்துவராததற்குக் காரணம், அவர்கள் ஒரே குடும்பத்தின் மூன்று பேர். மூத்தவர் (1468–1549) 1534இல் மூன்றாம் பவுல் என்ற பெயரில் போப் ஆனவர். அடுத்தவர் அவருடைய பேரன் (1520–1589). தாத்தா போப் ஆன கையோடு, பதினான்கு வயதிலேயே கர்தினால். மூன்றாமவர் (1545–1592) பார்மாவின் கோமகன். 1585இல் ஆண்ட்வெர்ப் நகரை முற்றுகையிட்டுப் பிடித்த தளபதி இவர்தான். கர்தினால் இவருக்குப் பெரியப்பா.

குழப்பம் பெரும்பாலும் ‘கர்தினால் ஃபர்னேசே’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. தாத்தாவும் 1493 முதல் கர்தினால். ஆகவே 1534ஐக் கோடாக வையுங்கள்: அதற்கு முந்தைய செய்தி என்றால் தாத்தா, பிந்தையது என்றால் பேரன். ரோமின் ஜெசு ஆலய முகப்பில் லத்தீனில் பொறித்திருக்கும் ‘அலெக்சாண்டர் கர்தினால் ஃபர்னேசியுஸ்’ பேரன்தான். அங்குள்ள ஆண்டு 1575. நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் டிஷியன் வரைந்த குடும்ப ஓவியம் உள்ளது. கூன் விழுந்து உட்கார்ந்திருப்பவர் போப், பின்னால் நிற்பவர் கர்தினால் பேரன், குனிந்து வணங்குபவர் கர்தினாலின் தம்பி ஒத்தாவியோ, அதாவது தளபதியின் அப்பா. ஓவியம் தீட்டப்பட்ட 1545–46இல் தளபதி கைக்குழந்தை.

போப்புகளின் பட்டியலைப் பார்த்து ஆள் சேர்க்காதீர்கள். ஆறாம் அலெக்சாண்டரை இத்தாலியில் அலெஸ்ஸாந்த்ரோ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அவர் ஸ்பெயினில் பிறந்த ரோத்ரிகோ போர்ஜா. ஏழாம் அலெக்சாண்டர் இத்தாலியர்தான், இயற்பெயரோ ஃபாபியோ கீஜி. இருவரும் உங்கள் பட்டியலில் வரமாட்டார்கள். பவுல் என்று ஆண்ட ஃபர்னேசே வருவார். மாயவித்தைக்காரர் கலியோஸ்த்ரோவும் வெளியேதான். அலெஸ்ஸாந்த்ரோ என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர், உண்மையில் ஜுசெப்பே பால்சாமோ. நேர்மாறாக, ஓவியர் சாந்த்ரோ போத்திசெல்லியை விட்டுவிடுவார்கள். சாந்த்ரோ என்பது அலெஸ்ஸாந்த்ரோவின் செல்லச் சுருக்கம். போத்திசெல்லி ‘சின்னப் பீப்பாய்’ என்ற பொருளுள்ள பட்டப்பெயர், குடும்பப் பெயர் ஃபிலிபெபி. அவரைப் போத்திசெல்லியிலேயே வையுங்கள். ஃபிலிபெபி என்று தேடுவோர் மிகக் குறைவு.

அடுக்கும்போது குடும்பப் பெயரை முன்னால் போட்டுப் பிறப்பு, இறப்பு ஆண்டு சேருங்கள்: ‘வோல்ட்டா, அலெஸ்ஸாந்த்ரோ (1745–1827)’. ஃபர்னேசேக்கள் மூவருக்கும் ஆண்டோடு பதவியும் வேண்டும். ‘தெ மெடிச்சி’யில் ‘தெ’ ஒட்டுதான், ஆகவே 1537இல் கொலையுண்ட புளோரன்ஸ் கோமகன் ‘மெ’யில் வருவார். கால்பந்து வீரர் டெல் பியரோவின் பெயரில் ‘டெல்’ பிரிக்க முடியாத பகுதி, அவருக்கு ‘டெ’. ‘ஃப’ எழுத்தைப் பகரத்தோடு சேர்ப்பதா, தனியே வைப்பதா என்று முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கூட்டலும் ஆளை இரட்டிப்பாக்கும். வோல்ட்டா ஒருவரே அலெக்சாண்டர், அலெசாண்ட்ரோ, அலெஸ்ஸாந்த்ரோ என மூன்று பதிவுகளாகிவிடுவார். தொகுத்து முடித்ததும் பிறந்த ஆண்டுப்படி ஒருமுறை வரிசைப்படுத்துங்கள். ஒரே ஆண்டு இருமுறை வந்தால் அந்த இரண்டையும் ஒப்பிடுங்கள்.