மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை நாய்க்கும் ஊற்றலாமா?

கேள்வி: ஐயா, பூர்வீகம் தர்மபுரி. பெங்களூருக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேழ்வரகும் அவரையும் போடுகிறோம். இரண்டு கறவை மாடு, எட்டு நாட்டுக்கோழி, மணி என்று ஒரு நாட்டு நாய், குட்டி போட்ட பூனை ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக மணியின் காதிலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி. மாட்டிடமிருந்து ஏறியது என்கிறார் மாமியார். வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து தடவினேன். பூண்டு அரைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். ஒரு வாரம் குறைகிறது, அப்புறம் பழையபடி ஏறிவிடுகிறது. மாட்டுக்கு வாங்கிய டெல்டாமெத்ரின் பாட்டிலில் பாதி மீதி இருக்கிறது. அதைக் கலந்து மணியைக் குளிப்பாட்டலாமா? மணி திண்ணையில் கோணிச்சாக்கில் படுக்கும், பூனைக்குட்டிகள் அதன் வயிற்றோடு ஒட்டித் தூங்கும். புதிதாக ஒரு சாக்கு மெத்தை தைத்துப் போடலாம் என்றும் இருக்கிறேன்.

பதில்: அம்மா, மணி மேல் அந்த மருந்தை ஊற்ற வேண்டாம். பாட்டிலைப் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளைப் பூனையின் உடம்பால் எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது. மாடும் நாயும் தாங்கிக்கொள்ளும் அளவே பூனைக்கு விஷம். உங்கள் வீட்டில் குட்டிகள் மணியின் வயிற்றோடு ஒட்டித் தூங்குகின்றன, தாய்ப் பூனை அவற்றை நக்கிச் சுத்தம் செய்கிறது. மணியின் முடியில் இருக்கும் மருந்து அன்றைக்கே குட்டிகள் மேல் ஏறி, தாயின் வாய்க்கும் போய்விடும். வாயில் எச்சில் ஒழுகும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் வலிப்பு. ஏற்கெனவே கொஞ்சம் தடவிப் பார்த்திருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு மணியைக் கழுவுங்கள். பூனை மேல் பட்டிருந்தால் அதையும் அப்படியே கழுவி, நன்றாகத் துவட்டி, குளிர் படாமல் சுற்றி, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்து சிலவற்றிலும் இதே பெர்மெத்ரின் உண்டு. கடையில் வாங்கும்போது வீட்டில் பூனை இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

கற்பூரத்தையும் பூண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாய் தன் உடம்பை நக்காமல் இராது, கற்பூரம் உள்ளே போனால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும். உண்ணி ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதை ஊட்டுவது கெடுதல் மேல் கெடுதல்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். மாட்டில் ஒட்டுவது ஒரு வகை, மணி காதில் இருப்பது பெரும்பாலும் இன்னொரு வகை. மாட்டு உண்ணி ஒருமுறை ஏறினால் சுமார் மூன்று வாரம் அதே மாட்டின் மேலேயே வளர்ந்து, வயிறு நிறைந்த பிறகுதான் கீழே விழும். அதனால் மாட்டு உடம்பில் மருந்து அடித்தால் பலன் தெரிகிறது. நாய் உண்ணியின் கதை வேறு. குஞ்சாக இருக்கும்போது ஏறி சில நாள் குடித்துவிட்டு இறங்கும், இடுக்கில் ஒளிந்து தோல் உரித்து மறுபடி ஏறும், மறுபடி இறங்கும், பெரிதாகி மூன்றாவது முறை ஏறும். கடைசியாக இறங்கும் பெண் உண்ணி ஒன்றே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதுவும் தரையில் இடாது, சுவரில் மேல்நோக்கி ஏறி விரிசலுக்குள் போய் இடும். தீனி இல்லாமலே மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். நீங்கள் மணியின் காதில் பிடுங்குவது அன்றைக்குச் சாப்பிட வந்த கொஞ்சம் உண்ணியைத்தான். மீதி உங்கள் திண்ணைச் சுவரில் இருக்கிறது. ஒரு வாரம் குறைந்து மறுபடி ஏறுவதன் காரணம் இதுதான்.

சந்தேகமாக இருந்தால் இன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு அந்தச் சாக்கைப் புரட்டி, தையல் ஓரத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். கசகசா அளவில் நகர்வது குஞ்சு. கேழ்வரகு போலச் செம்பழுப்பாக இருப்பது நடுப்பருவம். சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருப்பது ரத்தம் குடித்த பெண் உண்ணி. ஆமணக்குக்கு லத்தீனில் ரிசினஸ் என்று பெயர், அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றே அர்த்தம். விதையைப் பார்த்து வைத்த பெயர். சாக்கைப் பார்த்த கையோடு நிலைப்படி, கதவுச் சட்டத்தின் பின்புறம், திண்ணைக்கு மேலே ஓடு இறங்கும் இடம் எல்லாவற்றிலும் வெளிச்சம் அடியுங்கள். ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு வீட்டில் மூன்று முறை நாய்க்கு மருந்து போட்டும் தீராமல் என்னைக் கூப்பிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரைத் தூக்கினேன். ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றிக் கொத்தாக ஒட்டியிருந்தன. வீட்டம்மா முகம் வாடிப்போனது. வீடு அசுத்தம் என்று அர்த்தமில்லை அம்மா, தினமும் பெருக்கித் துடைக்கும் வீட்டிலும் விரிசல் இருந்தால் உண்ணி இருக்கும்.

அதனால் சாக்கு மெத்தை தைக்கும் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். கோணியின் நெசவு உண்ணிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து, ஓரம் மட்டும் தைத்து, உள்ளே எதுவும் அடைக்காமல் இரண்டு விரிப்பு செய்யுங்கள். வெளிர் நிறப் புடவையாக இருந்தால் ஊர்வது கண்ணில் படும். வாரம் ஒருமுறை ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் போட்டு, மற்றதை விரியுங்கள். பழைய சாக்கை வைக்கோல் போர் பக்கம் கொண்டுபோகாமல், தூரமாக எரித்துவிடுங்கள்.

அடுத்தது சுவர். உண்மையில் மொத்த வேலையும் இங்கேதான். திண்ணையிலும் தொழுவத்திலும் உள்ள விரிசல்களை முதலில் கம்பியால் சுரண்டி, சிமெண்ட் பூசி அடையுங்கள். அது காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாம். கல் சுண்ணாம்பை ஒரு ராத்திரி முன்பே தண்ணீரில் போட்டு நீர்க்க வைக்க வேண்டும். அகலமான இரும்பு டிரம்மில் தண்ணீரை வைத்துக்கொண்டு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கிட்டே வேண்டாம். சுண்ணாம்பே உண்ணியைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். சின்ன ஓட்டைகளை அடைக்கும், வெள்ளைச் சுவரில் ஊர்வது தெரியும். அந்த இரண்டுமே பெரிய உதவி.

மீதி இருக்கும் டெல்டாமெத்ரினுக்கு இங்கே வேலை உண்டு. சுண்ணாம்புக்கு முன்னால், விரிசலைச் சுரண்டிய கையோடு, பாட்டிலில் போட்ட அளவில் கலந்து தொழுவத்தின் இடுக்குகளில் அடியுங்கள். முட்டைக்குள் மருந்து போகாது, முட்டை பொரிய மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் மூன்று வாரம் கழித்து மறுபடியும், அதற்குப் பிறகு இன்னொரு முறையும், மிச்சமிருக்கும் இடுக்குகளுக்கு மட்டும் அடிக்க வேண்டும். கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு அடியுங்கள். மாடு, கோழி, மணி, பூனை எல்லாம் சுவர் நன்றாகக் காயும் வரை வெளியே இருக்கட்டும், தொட்டித் தண்ணீரையும் தீவனத்தையும் மூடிவிடுங்கள். பூனைக்குட்டிகள் இருக்கும் வரை திண்ணையில் மருந்து வேண்டாம், பூச்சும் கொதிநீரும் போதும். இன்னொன்று, அக்கம்பக்கத்தில் யாராவது பட்டுப்புழு வளர்க்கிறார்களா என்று பாருங்கள். இந்த மருந்தின் சாரல் மல்பெரி இலையில் பட்டால் அவர்கள் புழு மொத்தமும் போய்விடும்.

மணிக்கு என்ன செய்வது? ஒட்டியிருப்பதைச் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது வேண்டாம். பிடுங்கியதை விரலால் நசுக்காமல் சோப்புக் கொதிநீரில் போடுங்கள். அப்புறம் டாக்டரிடம் உண்ணியைக் கொல்லும் மெல்லும் மாத்திரை கேளுங்கள். அஃபாக்சோலனர் ஒரு மாதம் காக்கும், ஃப்ளூரலனர் சுமார் 12 வாரம் காக்கும். மருந்து நாயின் ரத்தத்தில் இருப்பதால் பூனைக்குட்டிகள் ஒட்டித் தூங்கினாலும் பயமில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எடை பார்த்துத்தான் தருவார்கள். மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள். மணிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். போகிற கையோடு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நாளைக் காலையில் வேறு எதையும் தொடங்கும் முன் மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நிதானமாக மேலே சொன்னதைச் செய்யலாம். மூன்று மாதம் உண்ணி கடித்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வர வாய்ப்பு நிறைய. சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சிறுநீர் காபி நிறத்தில் போனால், ஈறு வெளுத்திருந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமிகளில் எர்லிக்கியாவுக்கு ஒரு மருந்து, பபேசியாவுக்கு வேறு மருந்து, ஆகவே கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வசதி உண்டு, ஆனேக்கலிலிருந்து தூரம்தான், போய்வர ஒரு நாள் ஆகும். ஈறு வெளுத்திருந்தால் சுண்ணாம்பும் தையலும் அப்படியே கிடக்கட்டும், மணியை வண்டியில் ஏற்றுங்கள்.