மாட்டுப் பணம், குறிப் பணம், கைநீட்டப் பணம்: குடும்பக் கணக்கு கேள்வி பதில்

முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் அயல்கூட்டத்தின் (பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்த சேமிப்புக் குழு) கணக்கு நோட்டும் என் கையில்தான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லை ஓரமாக இருக்கும் நம் ஆட்களிடம், வீட்டுச் செலவு, பிள்ளை வளர்ப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்டு எழுதுங்கள் என்றேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பேர் வேண்டாம்.

வேலந்தாவளம்: அக்கா, ரெண்டு மாடு இருக்குதுங்க. பால் பில் மாசம் 18,000 வருது. வீட்டுக்காரர் லாரி ஓட்டி 12,000 தர்றார். முப்பதாயிரம் வந்தும் இருபதாம் தேதிக்கு மேல கைமாத்துதான். எங்கதான் போகுதுன்னு தெரியலை.

அம்மிணி, எங்கேயும் போகவில்லை. முப்பதாயிரம் வரவே இல்லை.

நீங்கள் அனுப்பிய கணக்கையே பார்ப்போம். தீவனம் மாதம் ஐந்து மூட்டை, 7,500. வைக்கோல் 2,000. ஊசி, டாக்டர் 500. பதினெட்டில் பத்தாயிரம் மாட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. தீவனத்தைச் சங்கத்தில் கடனாக எடுத்துப் பில்லில் பிடித்தம் செய்வதால் அந்தப் பணம் உங்கள் கண்ணில் படுவதே இல்லை. மனசு மட்டும் பதினெட்டு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது.

மீதி 8,000. அதுவும் முழுசாக உங்களுடையது இல்லை. மாடு கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்ற விடவேண்டும். பால் நின்றாலும் வாய் நிற்காது. அந்த இரண்டு மாதத்துக்காக இப்போதே மாதம் ஆயிரம் எடுத்து வையுங்கள். ஆக, மாடு உங்கள் வீட்டுக்குத் தருவது 7,000. வண்டிப் பணம் 12,000. உங்கள் வீட்டு வருமானம் 19,000. செலவை இந்த எண்ணுக்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

இரண்டு நோட்டுப் போடுங்கள், ஒன்று மாட்டுக்கு, ஒன்று வீட்டுக்கு. மாட்டு நோட்டில் மிஞ்சியதை மாதம் ஒருமுறை வீட்டு நோட்டுக்கு மாற்றுங்கள். பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, மாட்டு நோட்டை அவளிடம் கொடுங்கள். எங்கள் அயல்கூட்டத்தில் ஒரு வீட்டில் அப்படிக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் அந்தப் பெண், 'ஒரு மாட்டுக்குத்தான் லாபம் வருது, இன்னொண்ணு சும்மா தின்னுட்டு நிக்குது' என்று கண்டுபிடித்துச் சொன்னாள். வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை: என் கணவர் தினமும் இரண்டு லாட்டரி எடுக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது, இது ஒன்றுதான் என்கிறார். எட்டு வயதுப் பையனைக் கூட்டிப்போய் அவன் கையால் டிக்கெட்டை எடுக்கச் சொல்கிறார், ராசியாம். நான் தடுத்தால் சண்டை.

முதலில் கணக்கு. டிக்கெட் 50 ரூபாய். தினம் இரண்டு என்றால் மாதம் 3,000, வருடம் 36,000. அவரிடம் 'லாட்டரி கெட்டது' என்று பேசாதீர்கள், எடுபடாது. இங்கே அரசாங்கமே 1967-லிருந்து நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் தடை வந்தபிறகு அந்தப் பக்கத்து ஆட்களும் எல்லை தாண்டி வந்து வாங்குகிறார்கள். 2023 ஓணம் பம்பர் 25 கோடி திருப்பூர்க்காரர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. டிக்கெட் வாங்கியது நம் வாளையாறில். அதைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் கண் விரியும். அந்த வருடம் விற்ற பம்பர் டிக்கெட் 75 லட்சத்துக்கு மேல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பரிசு ஒன்றுக்கு விழுந்தது, மற்றவர்களில் பெரும்பாலோர் டிக்கெட்டுக்குக் கொடுத்த 500 ரூபாயை விட்டார்கள். விழுந்தவருக்கும் முப்பது சதவீதம் வரி உண்டு.

ஒரு மாதம் மட்டும், எடுத்த டிக்கெட்டையெல்லாம் கிழிக்காமல் ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். சின்னச் சின்னப் பரிசு விழுந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதட்டும். முப்பதாம் தேதி அவரே எண்ணட்டும், நீங்கள் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம். அதற்கப்புறம் வாரம் ஒன்று என்று பேசிப் பாருங்கள். அடியோடு நிறுத்தச் சொன்னால் ஒளித்து வாங்குவார், அது இன்னும் மோசம்.

ஆனால் பையன் விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். அவன் எடுத்த டிக்கெட்டில் ஒருநாள் நூறு ரூபாய் விழும், வீடே கொண்டாடும். மற்ற நாளெல்லாம் விழாது, தன் கை ராசியில்லாத கை என்று நினைத்துக்கொள்வான். இரண்டுமே அந்த வயதுக்கு ஆகாது. இதை மட்டும் சண்டை வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மீனாட்சிபுரம்: ஒன்பது வயசு மகன் அவங்கப்பா சட்டைப் பையில இருந்து 50 ரூபாய் எடுத்துட்டான். அவர் பெல்ட்டால அடிச்சுட்டார். ரெண்டு நாளா புள்ள யார்கிட்டயும் பேசலை. நான் என்ன செய்யறதுங்க டீச்சர்?

டீச்சர் இல்லை கண்ணு, வெறும் காசாளர்தான். இருந்தாலும் இது எங்கள் வீட்டிலும் நடந்தது.

என் பெரியவன் நான்காவது படிக்கும்போது அரிசி டப்பாவுக்குள் நான் வைத்திருந்த பணத்தில் கை வைத்தான். நான் அடிக்கவில்லை, ஆனால் அடித்ததைவிட மோசமாகப் பேசிவிட்டேன். காசாளர் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று. ராத்திரி என் மாமியார் அவனைப் பக்கத்தில் படுக்கவைத்து, 'எதுக்குடா சாமி எடுத்த?' என்று மெதுவாகக் கேட்டார்கள். கூடப் படிக்கும் பையன்கள் நாள் மாற்றி நாள் மிட்டாய் வாங்கி இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவன் ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த வெட்கத்தில் எடுத்திருக்கிறான். நான் 'எவ்வளவு எடுத்தே' என்று நாலு தடவை கேட்டேனே தவிர, எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நீங்களும் அதைக் கேளுங்கள். அப்பா முன்னால் வேண்டாம். காரணம் நியாயமாக இருந்தாலும், எடுத்தது தப்பு என்பதை விட்டுவிடக் கூடாது. 50 ரூபாயை அவன் திருப்பிக் கட்டவேண்டும். வாரம் 20 ரூபாய் கைச்செலவுக்குக் கொடுங்கள், அதில் ஐந்து அப்பாவிடம் கட்டட்டும். பத்து வாரம். கட்டி முடிக்கும் அன்று அப்பா ஒரு வார்த்தை 'கணக்கு தீர்ந்துச்சு' என்று சொல்லவேண்டும். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, விருந்தாளி முன்னால் கிண்டலாகக்கூட.

அவரிடமும் சொல்லுங்கள்: கொஞ்ச நாளைக்குச் சட்டையை வேறு ஆணியில் மாட்டலாம் என்று ஒளிக்க வேண்டாம். அதே ஆணியில் மாட்டட்டும்.

கோபாலபுரம்: ஒரு லட்சம் குறியில் சேர்ந்திருக்கிறேன். 20 பேர், மாதம் 5,000. பையன் பைக் கேட்கிறான். மூன்றாவது மாதமே 25,000 தள்ளி எடுக்கலாமா?

(கோயம்புத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு: நீங்கள் சீட்டு என்பதைத்தான் இங்கே குறி என்கிறோம். தள்ளி எடுப்பது என்றால் ஏலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்து முன்னாடியே எடுப்பது.)

இப்போது எடுத்தால் கையில் வருவது 75,000. தள்ளும் பணத்தில் உங்கள் பங்காக வரும் கழிவு போகச் சராசரி மாதம் 4,400 கட்டுகிறீர்கள் என்றே வைப்போம், இருபது மாதத்துக்கு 88,000. பதிமூன்றாயிரம் பைக்கின் மேல் கூடுதல் விலை. வீட்டுக்கூரை ஒழுகுகிறது, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் எடுங்கள் என்பேன். பைக்குக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு மாதம் பொறுத்தால் தள்ளு தானாகக் குறையும். பையனிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். பதிமூன்றாயிரத்தை அவன் சம்பாதித்துத் தருகிறானா என்று கேளுங்கள், சில பையன்கள் தந்தும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, குறி பதிவு செய்ததுதானா? 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு இருக்கவேண்டும், நடத்துகிறவர் கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969-லிருந்து திருச்சூரைத் தலைமையிடமாக வைத்து இதைத்தான் செய்கிறது. ஆள் பழக்கத்தை நம்பிப் போடாதீர்கள். எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஒருவரிடம் நான் 14 தவணை கட்டினேன். ஒரு சனிக்கிழமை வீடு பூட்டிக் கிடந்தது. அன்றைக்கும் நான் சங்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துக் கள்ளநோட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்ணாமடை: சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் காப்பீடு உண்டுதானே?

வங்கிகளுக்கு உள்ள அந்தக் காப்பீடு இதற்கு இல்லை. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாக ஆக்கிய அந்தக் காப்பீடு ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள வங்கிகளுக்கு. ஊரில் இருக்கும் தொடக்கக் கடன் சங்கம் பலகையில் வங்கி என்று போட்டிருந்தாலும் அதில் வராது. நான் அங்கேயே வேலை பார்த்தவள், சங்கத்தைக் குறை சொல்லவில்லை. மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

முதலமடை: மாந்தோப்பு வருமானம் வருடத்துக்கு ஒரு முறை. மகளுக்கு ஆறு வயது. அத்தை தங்கம் வாங்கச் சொல்கிறார், நான் போஸ்ட் ஆபீஸ் செல்வமகள் திட்டம் என்கிறேன்.

அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் பெண் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்கிய அன்றே போய்விடும்.

செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்கவேண்டும். வருடம் குறைந்தது 250, அதிகம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்டவேண்டும், கணக்குத் தொடங்கி இருபத்தோரு வருடம் முடிந்ததும் முதிர்வு. பதினெட்டு வயதாகிப் படிப்புக்கு வேண்டுமென்றால் பாதி வரை எடுக்கலாம். 2024 தொடக்கத்தில் வட்டி 8.2 ஆனது, மூன்று மாதத்துக்கொருமுறை அரசு அறிவிக்கும். அதே வட்டி நீடித்தால், மாதம் ஆயிரம் கட்டி வந்தவருக்கு ஐந்தரை லட்சத்தை ஒட்டிக் கிடைக்கும். மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை என்பதால் உங்களுக்கு இது தோது. மாங்காய்ப் பணம் கைக்கு வந்த வாரமே ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள். மழைக்காலம் வரை வைத்திருந்தால் இருக்காது.

அத்தைக்கு ஒரு கிராம் நாணயம் வாங்கிக் கொடுத்து, பேத்தி கையில் அவர்களே கொடுக்கட்டும்.

எருத்தேம்பதி: விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் கைநீட்டம் மகளுக்கு 1,700 சேர்ந்தது. பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி கேஸ் சிலிண்டருக்கும் மளிகைக்கும் செலவழித்துவிட்டேன். பதினொரு வயதுக்காரி இப்போது கேட்கிறாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மழுப்பாதீர்கள், கடன் வாங்கியிருக்கிறீர்கள். நோட்டில் 'மகளிடம் வாங்கியது 1,700' என்று அவள் முன்னால் எழுதுங்கள். மாதம் 300, 400 என்று கொடுத்து ஒவ்வொரு தடவையும் அவளிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்ததும் வங்கிக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயது ஆகிவிட்டால் பிள்ளைகள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி அவர்களே போட்டு எடுக்கலாம். கவுண்டரில் கால் எக்கி நின்று செலான் நீட்டும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ்புக்கை எங்கள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்குவார்கள்.

நெம்மாறை: ஓணம், தீபாவளி, பொங்கல், விஷு. நாலுக்கும் புதுத்துணியா அக்கா?

வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. எந்தப் பண்டிகைக்கு என்று பிள்ளைகள் ஓட்டுப் போடட்டும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாகத் தீபாவளிதான் ஜெயிக்கிறது. ஓணத்துக்குச் சத்யா (இலை போட்ட விருந்து) போதும் என்று சின்னவள் சொல்லிவிட்டாள், அவளுக்குப் பாயசம்தான் முக்கியம்.