ஏரோஸ்கோபிங்: ஒரு நாள் போதுமா?

கேள்வி: டென்மார்க்கின் ஏரோ தீவிலுள்ள ஏரோஸ்கோபிங் ஊரை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில்: பார்க்கலாம். துறைமுக ஊரான ஸ்வென்போர்க்கிலிருந்து கப்பலில் சுமார் 75 நிமிடம். கோடையில் காருக்கு முன்பதிவு அவசியம். ஊரே நடை தூரம்தான், காரை ஸ்வென்போர்க்கிலேயே விட்டுவிடுங்கள். கல் பாவிய தெருக்களில் 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகள் வரிசையாக நிற்கும். துறைமுகத்தில் பழைய சமையல்கூடத்தைத் தவறவிடாதீர்கள். துறைமுகத்தில் நிற்கும் மரக்கப்பலில் அடுப்பு மூட்டினால் தீ பரவும் என்று தடை இருந்ததால், மாலுமிகள் இங்கு வந்துதான் உலை வைத்தார்கள்.

நேரம் அதிகம் கேட்பது பாட்டில் கப்பல் அருங்காட்சியகம். பாட்டிலுக்குள் அடைத்த சிறு மாதிரிக் கப்பல்கள், கப்பல் சமையல்காரரான பீட்டர் யாகோப்சனின் கைவேலை. பாய்மரங்களைப் படுக்க வைத்துக் கப்பலைப் பாட்டிலின் கழுத்து வழியே நுழைப்பார்கள். பிறகு நூலை இழுத்தால் பாய்மரம் நிமிரும். அவசரப்பட்டு இழுத்தால் நூல் அறுந்துவிடும். மாலையில் மேற்குக் கடற்கரையின் வண்ணக் குடில்களுக்குப் போங்கள். கடைசிக் கப்பல் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.