கோட்டை அருகில், கோயில் தூரத்தில்

கேள்வி: தரங்கம்பாடிக் கடற்கரையை வாட்டர்கலரில் வரைந்தேன். முன்னால் 1620-இல் கட்டிய டேனிஷ் கோட்டை, தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், பக்கத்தில் கடல். இரண்டு கட்டடங்களும் ஒரே வரிசையில் ஒட்டி நிற்பதுபோல் தெரிகின்றன. கோயிலைச் சாம்பல் நிறமாக்கக் கறுப்பு கலந்தேன், அழுக்காகிவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, காரைக்கால்

பதில்: கறுப்பில்தான் தவறு. கடற்காற்றின் ஈரமும் உப்புத்துகளும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், தூரத்து நிழல்கள் வெளுத்துத் தெரியும். எனவே கோயிலில் முதலில் பார்க்க வேண்டியது நிழலை. கோட்டை நிழலின் அடர்த்தி பத்தில் ஏழு என்றால், கோயிலுக்கு மூன்று போதும். அல்ட்ராமரீன் நீலம் ஏறக்குறைய இரண்டு பங்கு, பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு) ஒரு பங்கு, தாராளமாகத் தண்ணீர் – நல்ல சாம்பல் கிடைக்கும். காய்ந்ததும் இன்னும் வெளுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே அதிக தூரமில்லை. நண்பகலில் பார்த்தால் மூட்டமே இருக்காது, கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்தால் ஆழம் வராது. விடிந்த கையோடு போங்கள். இல்லையென்றால் மூட்டத்தைத் துணிந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஓவியருக்கு அந்த உரிமை உண்டு.

வானத்தின் வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்டபின், தாளின் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் கோயிலைப் போடுங்கள். விளிம்பு தானே மென்மையாகும். பளபளப்பு இருக்கும்போதே போட்டால் வண்ணம் வானத்துக்குள் ஓடிவிடும். பாதி காய்ந்தபின் தண்ணீர் மிகுந்த பிரஷை வைத்தால் காலிஃபிளவர் போலக் கறை விரியும். கோயிலில் சிற்பம், கல் இடுக்கு எதுவும் வேண்டாம். தாள் முழுக்கக் காய்ந்த பிறகே கோட்டையின் கூர்மையான விளிம்புகள்.

தொடுவானத்தை அழுத்தமான நீலக்கோடாகப் போடாதீர்கள். அது கடலின் கடைசியை முன்னால் இழுத்து வந்துவிடும். ஆனால் பென்சிலில் அதை முதலில் குறிப்பது அவசியம். தொடுவானம் எப்போதும் உங்கள் கண்மட்டம். கண்ணுக்கு மேலே உள்ள மதில் விளிம்பு தூரம் போகப்போக அதை நோக்கிச் சரியும், கீழே உள்ள அடிக்கோடு ஏறும். இது பிசகினால் எந்த வண்ணமும் காப்பாற்றாது.

கேள்வி: வெயிலில் வாஷ் போடுவதற்குள் தாள் காய்ந்துவிடுகிறதே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளை இரு பக்கமும் நன்றாக நனைத்து, வழவழப்பான அக்ரிலிக் பலகைமேல் ஒட்டவையுங்கள். அடியிலிருக்கும் ஈரம் ஆவியாக வழியில்லாததால் மேல்பக்கம் வெகுநேரம் தாங்கும். பலகையை நிழலில் வைப்பது முக்கியம்.