அப்பத்தா ஏன் உள்ளே போக வேண்டும்?

கேள்வி: என் மகன் ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். நல்ல மார்க் வாங்குகிறான். ஆனால் இங்கிலீஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வரவில்லை. நெதர்லாந்தில் இருக்கும் நாத்தனார் மகனுக்கும் இதே வயதுதான், சரளமாகப் பேசுகிறான். தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று வைத்திருக்கிறோம். அந்த நேரம் அப்பத்தா இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படியும் பலனில்லை. எந்த நாட்டு முறையில் சொல்லிக்கொடுக்கலாம்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தா தானாகவா போகிறார்கள், நீங்கள் போகச் சொன்னீர்களா? மற்றதெல்லாம் எனக்குப் பழகிய புலம்பல். இந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. அவர்கள் ஆண்டுவந்த வீடு அது. பேரன் பள்ளிவிட்டு வந்து உட்காரும் நேரமாகப் பார்த்து, வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும் என்று உள்ளே தள்ளியிருக்கிறீர்கள்.

சரி, நாடுகளுக்கு வருகிறேன். நெதர்லாந்தில் ஆரம்பப் பள்ளியில் இங்கிலீஷ் கட்டாயப் பாடமானது 1986-ல். ஒரு பாடம், அவ்வளவுதான். பெரும்பாலான பள்ளிகளில் மற்றதெல்லாம் டச்சில்தான், வீட்டுப் பேச்சும் டச்சு. டிவியில் வரும் இங்கிலீஷ் படங்களுக்கு, சின்னக் குழந்தைகளுக்கானவை தவிர, குரல் மாற்றுவதில்லை. அடியில் டச்சு எழுத்து ஓடும். காதிலும் விழுகிறது, அர்த்தமும் புரிகிறது. இதற்காக எந்தப் பாட்டியும் எழுந்து போக வேண்டியதில்லை. போதாததற்கு டச்சும் இங்கிலீஷும் நெருங்கிய சொந்தம். அந்தப் பையனோடு உங்கள் பையனை ஒப்பிடுவதே நியாயமில்லை.

ஜப்பானில் பல தலைமுறையாக இலக்கணத்தை மனப்பாடம் செய்து, வரிக்கு வரி மொழிபெயர்த்தே பரீட்சை எழுதினார்கள். பேச்சு வரவில்லை. 2020-ல்தான் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு முறையான பாடமாக்கி, மூன்றாம் வகுப்பிலேயே பேச்சும் விளையாட்டுமாகத் தொடங்க வைத்தார்கள். தென்கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வில் இங்கிலீஷைக் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது, சத்தம் வரக்கூடாதென்று விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. அவ்வளவு பயபக்தி! அங்கேயும் பேசத் தயங்குகிறவர்கள் ஏராளம். உங்கள் பையனின் மார்க்கும் இந்த ரகம்தான்.

காரைக்குடியில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் அந்தந்த ஊர்ப் பேச்சைப் பேசித் தொழில் செய்தார்கள், கணக்கைத் தமிழில் எழுதினார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விரட்டவில்லை.

ஆறு மணிச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடுங்கள். அவன் வாய் திறந்ததும் நீங்கள் திருத்துவீர்கள், அவன் மூடிக்கொள்வான். இதைத் தவிர அந்த இரண்டு மணி நேரத்தில் வேறென்ன நடந்துவிடும்? இனி அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். “அப்புறம் அவன் என்னடா செஞ்சான்?” என்று கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் புரியாமல் வாசித்திருக்கிறான். திரும்பப் போய்ப் பார்ப்பான். மறுநாள் அதே கதையை உங்களிடம் இங்கிலீஷில் சொல்லச் சொல்லுங்கள். முடிக்கும்வரை குறுக்கே திருத்தாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. பெற்ற தாய் தினமும் எழுந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார்? இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள்.